மூன்றாவது காய்ச்சல்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. தோன்றும் கதைகளை எழுதுகிற வயதைத் தாண்டிவிட்டேன். இப்போதெல்லாம் கேட்கப்படும் கதைகளைத்தான் எழுதுகிறேன். நோய்த்தடுப்பு பற்றி ஒரு மாநாடு நடக்கப்போகிறது. மாநாடு என்றால் மலர் உண்டு. மலர் என்றால் குழு உண்டு, குழு என்றால் தலைவர் உண்டு. தலைவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, டைஃபாய்டு பற்றி ஒரு கதை வேண்டும் என்றார். கட்டுரைகள் ஏற்கெனவே பதினேழு வந்துவிட்டனவாம். அவற்றை யாரும் படிக்கமாட்டார்கள் என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அதனால்தான் கதை.

"நெஞ்சைத் தொடணும் சார். ஆனா ரொம்ப அழ வச்சிடக் கூடாது. முடிவுல ஒரு நம்பிக்கை வேணும். ஆயிரத்து இருநூறு வார்த்தைக்குள்ள."

நெஞ்சைத் தொடுவதற்கும் அழவைப்பதற்கும் நடுவே எத்தனை வார்த்தை இடைவெளி என்று நான் கேட்கவில்லை. சரி என்றேன். ஐம்பத்து மூன்று வயதில், சரி என்பது மறுப்பதைவிடச் சின்ன வேலை.

பிறகு உட்கார்ந்து தொடங்கினேன். தொடங்கியவை இவை:

"அந்தச் சின்னஞ்சிறு கிருமிக்கு அன்று காலை தெரிந்திருக்கவில்லை, தான் ஒரு..." (விட்டுவிட்டேன். எதுவும் தெரியாமலிருப்பதுதான் கிருமியின் பலம். தெரிந்து வைத்துக்கொண்டு கஷ்டப்படுவது நாம்.)

"மழை பெய்துகொண்டிருந்தது." (எந்தக் கதைக்கும் பொருந்தும். அதனால் இதற்கு வேண்டாம்.)

"உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய தொண்ணூறு லட்சம் பேர்..." (இது பதினெட்டாவது கட்டுரை.)

2.

மூன்றாவது தொடக்கம் தலைவர் அனுப்பிய நான்கு தாள்களிலிருந்து வந்தது. அவற்றை முழுதாகப் படித்தேன். தொண்ணூறு லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் இந்தக் காய்ச்சல் வருகிறது. அதில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர் இறக்கிறார்கள். பெரும்பாலும் பிள்ளைகள், அதுவும் பள்ளிக்கூடம் போகிற வயது. பெரும்பாலும் தெற்கு ஆசியா, தென்கிழக்கு ஆசியா, சகாராவுக்குத் தெற்கே இருக்கும் ஆப்பிரிக்கா. கூடவே ஒரு வரைபடம். நோய் அதிகமுள்ள இடங்கள் அடர்த்தியான நிறத்தில். குறைந்த இடங்கள் வெளுப்பாக. வெளுத்த பகுதிகளில் இந்த நோய் எங்காவது பயணம் போய்விட்டு வந்தவர்களுக்கு வருகிறது. அடர்ந்த பகுதிகளில் வீட்டிலேயே இருந்தவர்களுக்கு வருகிறது. எங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று நான் தேடவில்லை. குழாயைத் திறந்தால் தெரியும்.

வெளுத்த இடங்களும் எப்போதும் வெளுப்பாக இருந்ததில்லை. நூறு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அங்கேயும் இந்தக் காய்ச்சல் தாராளமாக இருந்தது. மருந்து வருவதற்கு முன்பே அது அங்கே அடங்கத் தொடங்கிவிட்டது. தண்ணீரை வடிகட்டினார்கள், குளோரின் போட்டார்கள், சாக்கடையையும் குடிநீரையும் தள்ளித் தள்ளிப் புதைத்தார்கள். இதில் கதாநாயகன் என்று யாரும் இல்லை. பள்ளம் தோண்டியவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் மலர் போட்டதாகத் தெரியவில்லை.

எழுதுகிறவனுக்குத் தொண்ணூறு லட்சம் பேரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது. அவர்களில் ஒருவர் வேண்டும். ஒருவர் கிடைத்தால் போதும், அவருக்கு ஒரு அம்மாவை, ஒரு படுக்கையை, சன்னலில் ஒரு வெளிச்சத்தைக் கொடுத்து ஆயிரத்து இருநூறு வார்த்தையை ஓட்டிவிடலாம்.*

* "ஏறக்குறைய" என்ற சொல்லைக் கவனியுங்கள். தொண்ணூறு லட்சம் பேரை யாரும் எண்ணவில்லை. உலகத்தில் சில ஊர்களில் மட்டும் ஒழுங்காக ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அங்கே கிடைத்ததை வைத்து மற்ற ஊர்களுக்கு ஊகிக்கிறார்கள். இந்த அடிக்குறிப்பு இப்போது அலுப்பாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

3.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மைத்துனி மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். மனைவியின் தங்கை. அரசு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை. ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கிற பிரிவு. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "கிருமி வளர்க்கவே நேரம் போதல" என்று சொல்லிச் சொல்லி, கேட்பவர்கள் ஓய்ந்துவிட்டார்கள்.

மேசையில் கிடந்த என் தாள்களை நின்றபடியே படித்தாள்.

"மாமா, இந்தக் கிருமி ஏன் இவ்வளவு யோசிக்குது?"

அது அடித்த பகுதி என்றேன். அடிக்காத பகுதியையும் படித்தாள். அதில் நான் ஒரு கற்பனைத் தெருவில் இருபது பேருக்கு டைஃபாய்டு கொடுத்திருந்தேன். இருபது பேருக்கும் தெருமுனைக் கடையில் விரல் நுனியில் ரத்தம் எடுத்து, பத்து நிமிடத்தில் நோய் உறுதியாகிவிடுகிறது. கதை வேகமாகப் போகட்டும் என்று அப்படி வைத்திருந்தேன்.

அந்தப் பத்து நிமிட டெஸ்ட் என்னையும் டைஃபாய்டு என்று சொல்லும் என்றாள். எனக்குக் காய்ச்சலே இல்லையே என்றேன். அதனால் என்ன என்றாள்.

பிறகு பொறுமையாகச் சொன்னாள். நான்கு நாளைத் தாண்டும் எந்தக் காய்ச்சலுக்கும் ஊரில் டைஃபாய்டு என்றுதான் பெயர். அதில் பாதி வேறு ஏதோ. உண்மையிலேயே டைஃபாய்டு வந்தவர்களில் பாதிப் பேர் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே கிடப்பார்கள். நிச்சயமாகத் தெரியவேண்டுமானால் ஒரே வழி: ரத்தத்தை எடுத்து, கிருமிக்கு உணவு கலந்த ஒரு பாட்டிலில் விட்டு, உடம்புச் சூட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஒரு வாரம்வரை ஆகலாம். கலங்கினால், எடுத்துப் பார்த்து, இதுதான் என்று சொல்லலாம்.

"அதுதான் சாட்சி மாமா. மத்ததெல்லாம் வதந்தி."

சாப்பிட்டு முடித்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம், என்னிடம் ஒரு கதை இருக்கிறது, ஆனால் முடிவு இல்லை, இந்த வியாழக்கிழமை மாதம் முடிகிறது, அன்றைக்குத்தான் தெரியும் என்றாள்.

அதுவரை எழுதியதையெல்லாம் அடித்துவிட்டேன். இனி வருவது அவளுடையது. நடுநடுவே நான் குறுக்கிடுவேன். அது என்னுடைய கெட்ட பழக்கம்.

4.

மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒரே பள்ளத்தில் போகின்றன. குழாய்க்கு மேலே சாக்கடை. யாரோ ஒருவர் செலவை மிச்சப்படுத்தியிருக்கிறார். அந்தத் தெருவில் இந்த மாதம் பதினான்கு வீடுகளில் காய்ச்சல். பாட்டில்வரை வந்தவர்கள் மூன்று பேர்.

நகராட்சியில் ஒரு விதி உண்டு. ஒரே தெருவில், ஒரே மாதத்தில், பாட்டிலில் வளர்ந்து உறுதியான மூன்று பேர் இருந்தால், குழாய் இலாகா சாலையைத் தோண்டிப் பார்த்தே ஆகவேண்டும். இரண்டு பேர் என்றால் "கண்காணிப்பில் உள்ளது" என்று ஒரு முத்திரை. மாதம் மாறினால் கணக்கு மறுபடி பூஜ்யம். கிருமி மாதக் கடைசியில் கடையைச் சாத்திவிட்டு முதல் தேதி புதிதாகத் திறக்கும் என்று நினைத்து எழுதிய விதி.

முதல் பாட்டில் ஒரு பேருந்து ஓட்டுநருடையது. வளர்ந்தது. இரண்டாவது, பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுடையது. அதுவும் வளர்ந்தது. மூன்றாவது பாட்டில் அந்தப் பெண்ணின் தங்கையுடையது. பதினொரு வயது. எட்டாம் நம்பர் படுக்கை.

அக்கா தங்கை இருவரின் அம்மா ஒரு தையல்காரி. பள்ளிச் சீருடைகளை வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவள். மைத்துனி ரத்தம் எடுக்கப் போனபோது சின்னவள் கேட்டிருக்கிறாள், இவ்வளவு ரத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று.

"வளப்பேன்."

"எதை?"

"உன் காய்ச்சலை."

"அதுக்குச் சாப்பாடு போடுவீங்களா?"

"பாட்டில்லயே இருக்கு."

அன்றிலிருந்து தினமும் கேள்வி: வளர்ந்துச்சா? முதல் நாள் இல்லை, இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் சின்னவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அக்காவோடது இரண்டே நாளில் வளர்ந்ததே, என்னுடையதற்கு நீங்கள் சரியாகச் சாப்பாடு போடவில்லை என்றாள். காய்ச்சலிலும் அக்கா ஜெயித்துவிட்டாள் என்பதுதான் அவளுடைய வருத்தம்.

அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரி, உதவி செய்கிற எண்ணத்தோடு ஒன்று சொன்னாள். காய்ச்சல் அடித்த இரண்டாம் நாளே நான் சும்மா இருக்கவில்லைம்மா, பெரியவளுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையில் நாலு மிச்சம் இருந்தது, அதைக் கொடுத்துவிட்டுத்தான் இங்கே கூட்டிவந்தேன் என்று.

மிச்சம் எப்படி வந்தது என்று மைத்துனி கேட்டாள்.

"நாலாம் நாளே காய்ச்சல் விட்டுருச்சும்மா. அதுக்கப்புறம் எதுக்கு மருந்து? எடுத்து வச்சேன்."

எடுத்து வைப்பது அவளுடைய தொழில். வெட்டிய துணியின் ஓரம், அறுந்த பொத்தான், அரை உருண்டை நூல், எதையும் எறியாதவள். பொத்தான் டப்பாவிலேயே மாத்திரையும் இருந்தது. ஒரு மகள் குணமானதில் மிஞ்சியதை இன்னொரு மகளுக்குக் கொடுத்தாள். அந்த நான்கு மாத்திரை காய்ச்சலைப் போக்கவில்லை. ரத்தத்தில் இருந்த கிருமியை, பாட்டிலில் வளரமுடியாத அளவுக்கு மட்டும் அடித்துப்போட்டது.

மைத்துனி சரிம்மா என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். ஏழாம் நாள் பாட்டில் தெளிவாக இருந்தது. "வளர்ச்சி இல்லை" என்று எழுதவேண்டிய தாளை இன்னும் எழுதாமல் இழுப்பறையில் வைத்திருக்கிறாள்.

5.

இந்த இடத்தில் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவு தயாராக இருந்தது. பேனாவை எடுத்து அவள் கண்ணெதிரிலேயே எழுதினேன்.

முடிவு ஒன்று: "அவள் நீண்ட நேரம் அந்தத் தாளையே பார்த்தாள். பிறகு, உண்மைக்காக ஒரு பொய்யை எழுதினாள். மூன்று. மறுநாள் தெருவில் கடப்பாரைச் சத்தம் கேட்டது."

படித்துப் பார்த்தவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பல்ல, களைத்துப்போனவர்கள் சிரிப்பது.

"வளர்ந்துச்சுன்னு எழுதறது ஒரு வரி இல்ல மாமா. கீழ ஒரு பட்டியல் இருக்கு."

பாட்டிலில் கிருமி வளர்ந்தால், அதை எடுத்து வெவ்வேறு மருந்துக்குப் பக்கத்தில் வைத்து, எந்த மருந்துக்கு அது சாகிறது, எதற்கு அசையாமல் இருக்கிறது என்று பார்த்து எழுதவேண்டும். ஆறு மருந்து, ஆறு கட்டம். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் டாக்டர் ஊசி எழுதுவார். இப்போது இந்தக் கிருமிகளில் பல, பழைய மருந்துகளுக்கு மசிவதில்லை.

"இல்லாத கிருமி எந்த மருந்துக்குச் சாகும்னு நான் எழுதறது?"

என் கதாநாயகியின் உன்னதமான பொய், ஒரு பதினொரு வயதுப் பெண்ணின் கையில் தவறான ஊசியாக ஏறும் என்று அதுவரை எனக்குத் தோன்றியிருக்கவில்லை. கதைகளில் பொய் சொல்பவர்கள் பொதுவாக ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

6.

ஆனால் எனக்கு என் பாத்திரத்தின் மேல் ஒரு சந்தேகம் இருந்தது. பாத்திரம் எதிரில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்ததால் நேராகவே கேட்டேன். நீ அப்படி எழுத நினைக்கவே இல்லையா?

டம்ளரை வைத்தாள். நினைத்தேன் என்றாள்.

இட்டுக்கட்டவே தேவையில்லை, பார்த்து எழுதினால் போதும் என்று நினைத்தாளாம். அக்காவின் பட்டியல் கையில் இருக்கிறது. ஒரே வீடு, ஒரே குடம், ஒரே குழாய். அதே கிருமியாகத்தான் இருக்கும். அக்காவின் ஆறு கட்டங்களைத் தங்கையின் தாளில் அப்படியே பெயர்த்துவிட்டால் ஊசியும் தவறாது, தெருவும் தோண்டப்படும். டாக்டரும் சனிக்கிழமை முதல் அக்காவின் பட்டியலைப் பார்த்துத்தான் சின்னவளுக்கு ஊசி போடுகிறார். காய்ச்சல் இறங்கிக்கொண்டும் வருகிறது.

"பேனா மூடியைக்கூடத் திறந்துட்டேன் மாமா."

ஏன் எழுதவில்லை?

அதற்கு அவள் சொன்ன பதில் எந்த மலரிலும் நன்றாக இருக்காது. இருபத்திரண்டு வருடத்தில் எழுதிய எல்லாத் தாளிலும் தான் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன், ஒரு தாளில் பார்க்காததை எழுதிவிட்டால் மற்றத் தாளையெல்லாம் யார் நம்புவார்கள் என்று தோன்றியதாம். யார் நம்பமாட்டார்கள் என்றேன். நானே என்றாள்.

(இந்த இடத்தில் "அவளுடைய நேர்மை ஒரு விளக்கைப் போல" என்று ஒரு வாக்கியம் இருந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, எங்கள் அறையில் குழல் விளக்கு, அதுவும் விட்டு விட்டு எரியும் என்றாள். எடுத்துவிட்டேன்.)

7.

முடிவு இரண்டை நான் யோசிப்பதற்குள் அவளே முயன்று பார்த்துவிட்டாள். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு குழாய் இலாகாப் பொறியாளரிடம் போயிருக்கிறாள். தெருவையே வந்து பாருங்கள், மூக்கு இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறாள்.

பொறியாளர் மரியாதையானவர். உட்காரச் சொன்னார். அறிவியல் பூர்வமான அணுகுமுறை பற்றிக் கால் மணி நேரம் பேசினார். உணர்ச்சிவசப்பட்டுச் சாலையைத் தோண்ட ஆரம்பித்தால் ஊரில் சாலையே மிஞ்சாது என்றார். சுவரில் தண்ணீரின் மகத்துவம் பற்றி ஒரு வாசகம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கடைசியில் எழுந்து வாசல்வரை வந்தார்.

"மூணாவது ஒண்ணு கொண்டு வாங்கம்மா, நாளைக்கே கடப்பாரையோட வரேன். ரெண்டு வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது சொல்லுங்க."

அவரைக் கெட்டவராக எழுத முயன்றேன். முடியவில்லை. மூன்றாவது கிடைத்தால் அவர் உண்மையிலேயே வருவார். அதுதான் அவரிடம் எரிச்சலூட்டுவது.

இனி இரண்டாம் பகுதியின் அடிக்குறிப்புக்கு வருகிறேன். உலகக் கணக்கை ஊகிப்பவர்கள் முட்டாள்கள் அல்ல என்று மைத்துனி சொன்னாள். பாட்டில் எல்லாரையும் பிடிக்காது என்று அவர்களுக்குத் தெரியும். உண்மையாக நோய் இருக்கும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஆறு பேரைத்தான் அது காட்டும்; முன்பே மாத்திரை தின்றவர்கள் நழுவிவிடுவார்கள். அதனால் கிடைத்த எண்ணிக்கையோடு, நழுவியவர்களுக்காக ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதாவது, எங்கோ ஒரு தொலைதூர அறையில் ஒருவர், ஓர் அம்மா பொத்தான் டப்பாவிலிருந்து நான்கு மாத்திரை எடுத்துக் கொடுத்திருப்பாள் என்று முன்கூட்டியே யோசித்து, அவள் மகளுக்காக ஒரு இடம் போட்டு வைத்திருக்கிறார்.

ஆகவே தொண்ணூறு லட்சத்தில் எட்டாம் நம்பர் படுக்கை இருக்கிறாள். உலகம் அவளை எண்ணிவிட்டது. அவளுடைய தெருதான் எண்ணவில்லை.

8.

இன்னொரு வழி இருக்கிறது என்றாள். அதைச் சொல்லத்தான் அவள் இவ்வளவு நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள் என்று பிறகுதான் புரிந்தது.

ரத்தத்தில் செத்துப்போன பிறகும் இந்தக் கிருமி எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் சில நாள் ஒளிந்திருக்கும். மருந்து தின்றவர்களிடமும் அங்கே கிடைக்கும். விதி அதை ஏற்கிறது: ரத்தம், அல்லது எலும்பு மஜ்ஜை. எந்தத் தேதியில் எடுத்தோமோ அந்த மாதக் கணக்கில் சேரும். இடுப்பெலும்பில் தடித்த ஊசியை இறக்கி உறிஞ்சவேண்டும். மரத்துப்போக மருந்து போடுவார்கள். உறிஞ்சும்போது அது உதவாது. ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தில் பெரிய ஆண்களே கட்டிலின் கம்பியை வளைத்துவிடுவார்கள். ஏற்கெனவே ஊசி ஆரம்பித்தாகிவிட்டதால் ஒவ்வொரு வேளைக்கும் மஜ்ஜையிலும் கிருமி குறையும். நாளைக் காலை எடுத்தால் கிடைக்கலாம். புதன்கிழமைக்கு மேல் சந்தேகம்.

டாக்டர் என்ன சொல்கிறார் என்றேன். சிகிச்சைக்கு இது தேவையில்லை, பெண் தேறிவருகிறாள் என்றாராம். அம்மா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் எடுத்துத் தருகிறேன், ஆனால் அவளிடம் நான் கேட்கமாட்டேன், கேட்பதற்கு என்னிடம் மருத்துவக் காரணம் இல்லை, உனக்குத் தெருக் காரணம் இருந்தால் நீ கேள் என்று சொல்லிவிட்டார்.

அதாவது எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை ஒரு தாளுக்குத் தெரிவிப்பதற்காக, குணமாகிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் எலும்பைத் துளைக்க வேண்டும்.

என் மனைவி அதுவரை எங்கள் பேச்சில் சேராமல் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கைத்துண்டோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"உங்க கதைக்கும் மூணாவது ஆள் வேணும், இவளுக்கும் மூணாவது ஆள் வேணும். நல்ல ஜோடி."

மைத்துனி, அக்கா, அந்தத் தெருவில் இன்னும் பன்னிரண்டு வீடு இருக்கிறது, அடுத்த மாதம் இன்னொரு பிள்ளை வரும், எல்லாப் பிள்ளைகளும் தேறுவதில்லை என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். மனைவி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் பதில் சொல்லாமல் போவது வருடத்துக்கு ஒரு முறை நடக்கும்.

இடையில் தலைவர் அழைத்தார். கதை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். முடிவில் கொஞ்சம் சிக்கல் என்றேன்.

"ரொம்ப யோசிக்காதீங்க சார். கடைசியில எல்லாரும் கை கழுவற மாதிரி முடிச்சிடுங்க."

9.

"மாமா, நீங்க எழுதறவர்தானே. நாளைக்குக் காலையில அந்த அம்மாகிட்ட நான் சொல்றதுக்கு ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

முப்பது வருடமாக எழுதுகிறேன். பதவியில் இருப்பவர்களின் பேச்சைக் கிண்டல் செய்வது என் பிழைப்பு. என்னிடம் இப்படி யாரும் எதையும் கேட்டதில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்.

முதல் வரி உடனே வந்தது.

"இந்த ஊசியால உங்க பொண்ணுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லம்மா."

இரண்டு முறை படித்தாள். இது இருக்கட்டும் என்றாள். இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் ஏமாற்றுவதாகிவிடும் என்றாள். அடுத்தது என்றாள்.

அடுத்தது வரவில்லை. வந்தவை இவை, பக்கத்தில் இருப்பவை அவள் சொன்னவை.

"ஆனா உங்க தெருவுக்கே இதனால..." (தெரு அவங்களுக்கு என்ன செஞ்சுது?)

"இல்லன்னா பெரியவளுக்கே மறுபடியும் வரலாம்." (பயமுறுத்தற மாதிரி இருக்கு. உண்மைதானே என்றேன். உண்மையை வச்சுப் பயமுறுத்தறது, என்றாள்.)

"உலகத்துல வருஷத்துக்குத் தொண்ணூறு லட்சம்..." (படித்ததோடு சரி. நானே அடித்தேன்.)

"எனக்கு ஒரு பொண்ணு இருந்தா நான் சம்மதிப்பேன்." (இருந்தா சம்மதிக்க மாட்டேன் மாமா.)

"நீங்க அந்த மாத்திரையக் குடுக்காம இருந்திருந்தா..." (இதை அடிக்கவில்லை, அந்தப் பகுதியைத் தாளிலிருந்து கிழித்தெடுத்தாள். இது அந்த அம்மாவுக்குத் தெரியவே கூடாது என்றாள்.)

"வேண்டாம்னு சொன்னா நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம்." (இதை எப்படியும் சொல்லத்தான் போறேன். கேக்கறதுக்கு வரி வேணும்.)

நான்கு மணி ஆகிவிட்டது. தாளில் இடமும் தீர்ந்துவிட்டது. வேறு தாள் எடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். முதல் வரி இருந்த மேல் பாதியை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்துக்குக் கிளம்பினாள். ஒரு வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டேன். அதைச் சொல்லிவிட்டு அவங்க முகத்தைப் பார்ப்பேன் என்றாள்.

அன்று மாலையே தலைவருக்கு வேறொரு கதை எழுதி அனுப்பினேன். ஆயிரத்து நூற்று எண்பது வார்த்தை. எல்லாரும் கை கழுவினார்கள். நெஞ்சைத் தொட்டதாகச் சொன்னார்.

இந்தக் கதையை நீங்கள் படிக்கும்போது அந்தத் திங்கட்கிழமை எப்போதோ கடந்திருக்கும். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. தோண்டினார்கள் என்று எழுதினால் அந்தப் பிள்ளையின் வலி நியாயமாகிவிடும். தோண்டவில்லை என்று எழுதினால் ஓர் அம்மாவின் மறுப்பு குற்றமாகிவிடும். அந்தக் காலையில், அந்தக் கட்டிலருகே, இந்த இரண்டில் எதுவும் யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்திலேயே உங்களையும் விட்டுவிட்டுப் போகிறேன்.

ஒன்பது மணி. டாக்டர் அடுத்த வார்டில் இருக்கிறார். சின்னவள் எழுந்து உட்கார்ந்து, ஒரு வாரத்தில் முதல் முறையாகப் பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். மைத்துனி தையல்காரியைக் கொஞ்சம் வெளியே வரச்சொல்லி, நடையில் நிற்கவைத்து, முதல் வரியைச் சொல்லிவிட்டாள். தையல்காரி கேட்டுக்கொண்டாள். அவளுக்குக் கோபமில்லை. அடுத்து ஏதோ சொல்லப்போகிறாள் என்று, மைத்துனியின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உங்களிடம் ஒரு வரி இருந்தால் இப்போது சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்களும் அவர்கள் பக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.